சிவப்பு பூசிய நான்கு கட்டைகள்

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் பாய்லர் கொட்டகைக்குள் நுழைந்தபோது என் கட்டைகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். நான்கு கட்டைகளிலும் சந்தனம், குங்குமம், மஞ்சள் கயிறு.

துடியலூரிலிருந்த அந்த மில்லில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் கூடத்துக்கு நீராவி கொண்டுபோகும் குழாய் ஏற்கெனவே இரண்டு தடவை மூலையில் பிளந்திருந்தது. இரண்டாவது தடவை கீழே நின்ற கூலியாள் செங்கோடனுக்கு முழங்கை வெந்துவிட்டது. மெட்ராஸில் படித்த இன்ஜினீயர் வரதராஜுலு ஒவ்வொரு தடவையும் இன்னும் தடித்த கம்பியால் குழாயை உத்தரத்தில் தொங்கவிட்டார். பாய்லரிலிருந்து நிமிர்ந்து போகும் குழாய் சூட்டில் நீண்டு, மேலே படுத்திருக்கும் குழாயை முக்கால் அங்குலம் தூக்கிவிடும். அப்போது கம்பி தொய்ந்து, பாரமெல்லாம் மூலை இணைப்பில் விழும். தொய்ந்த கம்பி எத்தனை தடியாக இருந்து என்ன புண்ணியம்? இதை நான் குழாய் பொருத்துகிற வேலைக்காரனாக அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். முதலாளி அரங்கசாமிக் கவுண்டர் முன்னால், ஊரே கேட்கச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப நீங்களே செய்ங்க ராவுத்தரே. இதும் ஒழுகுச்சுன்னா கோட்டைமேட்டுல பாத்திரத்துக்கு ஈயம் பூசிக்கிட்டு உக்காந்துக்கலாம். எந்த மில்லுலயும் உங்கள உட மாட்டேன்" என்றார் முதலாளி.

வீட்டில் என் மனைவி உம்மல் குல்சும் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

கம்பிக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்தால், குழாய் எழும்பும்போது அதுவும் கூடவே விரிந்து பாரத்தை விடாமல் தாங்கும். போத்தனூர் ரயில்வே கழிவுக் குவியலில் மூன்று நாள் புரண்டு ஸ்பிரிங் தேடினேன். குழாய் தொங்கும் நான்கு இடங்களில் ஒவ்வொன்றுக்கும் நானூறு ராத்தல் பாரம். வேகன் ஸ்பிரிங்கின் மேல் மணல் மூட்டை ஏற்றினால் கால் அங்குலம்கூட இறங்காமல் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. அது ஆகாது. குழாய் எழும்பினால் இதுவும் கம்பியைப் போலவே கைவிடும். இன்னொன்று மூட்டையைக் கண்டதுமே படுத்துவிட்டது. கடைசியில் நூறு ராத்தலுக்கு ஓர் அங்குலம் இறங்குகிற நான்கு உருப்படி கிடைத்தன. சூட்டில் சரியாக நானூறு தாங்க வேண்டும் என்பதால், குளிரிலேயே முக்கால் அங்குலம் கூடுதலாக அமுக்கிப் பெட்டிகளுக்குள் வைத்தேன். வேலை முடியும்வரை ஸ்பிரிங் விரியாதிருக்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கட்டையைச் செருகினேன். நீராவி விடுவதற்குள் கட்டைகளை உருவ வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. மறக்கக் கூடாதே என்று நானே அவற்றுக்குப் பளபளவென்று சிவப்புப் பெயிண்டு அடித்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

முதலாளியின் மனைவி சென்னியம்மாள் பூசைத் தட்டோடு நின்றார். "சிவப்பா லட்சணமா இருந்துச்சுங்க. அதான் முக்கியம்னு நெனச்சு ஏணி வெச்சுப் பொட்டு வெக்கச் சொன்னேன்" என்றார்.

"ஏனுங்கம்மா, அத எடுக்கோணுமுங்க."

"பூசை போட்டத அன்னிக்கே புடுங்கறதுங்களா? நாளைக்கு எடுத்துக்கலாம்."

"பன்னண்டுக்கு ராகு காலம். வால்வத் தொறங்க" என்றார் முதலாளி. வரதராஜுலு மூலையில் நின்று மீசைக்குள் சிரித்தார். பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் அறுபதைத் தாண்டிவிட்டது. நானோ சாயபு. நாலு பேர் பார்க்க மஞ்சள் கயிற்றை அறுத்தால் அது வேறு விவகாரமாகிவிடும். வால்வுச் சக்கரத்தைப் பிடித்தேன். செங்கோடன் கட்டுப்போட்ட கையோடு அந்த மூலைக்கு நேர் கீழே வேலைக்கு நின்றான். அவனைப் பார்த்ததும் சக்கரத்தை விட்டுவிட்டேன்.

"தொறக்க மாட்டேனுங்க" என்றேன். "என்னய இப்பவே வெளிய அனுப்பிப்போடுங்க. அம்மா, வண்டிக்குப் பூசை போடறீங்க. சக்கரத்துக்கு அண்டக் குடுத்த கல்லுக்கும் பொட்டு வெக்கறீங்க. அதுக்காவ கல்ல எடுக்காம வண்டிய ஓட்டுவீங்களா?"

சென்னியம்மாள் குழாயை ஒரு தரம் பார்த்தார், செங்கோடனின் கையை ஒரு தரம் பார்த்தார். தட்டைக் கணவர் கையில் திணித்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார்.

"பொட்டு வெக்கச் சொன்னது நானு. நானே எடுக்கறேன். ஏனுங்க, ஏணியப் புடிங்க."

"அம்மணி, நீயா!" என்றார் முதலாளி. ஆனாலும் பிடித்தார். வேலையாட்கள் எல்லோரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நான் இன்னொரு ஏணியில் ஏறிக் கம்பியின் திருகை முறுக்கினேன். இரண்டு சுற்றில் பாரம் ஸ்பிரிங்குக்கு மாறியதும் கட்டை தளர்ந்தது. அவர் இரண்டே விரலால் உருவிக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டார். இப்படியே நான்கும். கடைசிக் கட்டை வந்தபோது பன்னிரண்டுக்கு நான்கு நிமிஷம் இருந்தது.

இறங்கி ஓடி, வால்வை மெல்லத் திறந்தேன். குழாய்க்குள் தடதடவென்று நீர் ஓடி அடங்கியது. மூலை இணைப்பையே நானும் முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு வரதராஜுலுவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சென்னியம்மாள் மட்டும் இறங்கவில்லை. பெட்டியருகே முகத்தை வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றார்.

"ஏனுங்க!" என்று கத்தினார். "எந்திரிக்குதுங்க! இத்தாச்சோடு பெரிய கொழாயி, மெல்ல மெல்ல எந்திரிக்குதுங்க!"

சுவரைப் பார்த்திருந்த அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள்.