அங்க அடையாளம்

விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி ஃபோட்டோவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு பாஸ்போர்ட்டைப் பிரித்து அதையும் பார்த்துவிட்டு மறுபடி ஃபோட்டோவுக்கே வந்தார். அவள் கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் கணவர், தன்னுடைய விண்ணப்பம் ஒரு கேள்வியும் இல்லாமல் முடிந்துவிட்ட நிம்மதியில், சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் லேசாகக் கோணியிருப்பதைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க அடையாளம், இடது தாடையில தழும்புன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. இதோ இருக்கு." அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்க முகத்துல இருக்கு. பாஸ்போர்ட்லயும் இருக்கு. ஃபோட்டோவுல எங்கம்மா?"

அதிகாரி ஃபோட்டோவைக் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்தார். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிகிறது, சிரிப்பு இல்லை. உதட்டோரத்தில் தொடங்கித் தாடைக்குக் கீழே வளைந்து போகும் அந்தக் கோடு மட்டும் இல்லை. அந்த இடத்தில் வழவழவென்று யாருடையதோ ஒரு தாடை இருந்தது. அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஊர் முழுக்க அவரை ஸ்டூடியோக்காரர் என்றுதான் கூப்பிடும். முப்பது வருடமாக மனிதர்களை உட்காரவைத்து, முகவாயை நிமிர்த்தி, விளக்கைத் தள்ளிவைத்து எடுக்கிறவர். எடுப்பதோடு விடமாட்டார். பரு, கருவளையம், அம்மைத் தழும்பு, முன் நெற்றி வழுக்கையில் பாதி, எல்லாம் அவர் கையில் காணாமல் போகும். தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு "இது நான்தானா" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவளுக்கும் அதில் பெருமைதான். அவள் வேலை பார்ப்பது இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன் மேசையில். குழாய்க்குக் குழாய் பெயரையும் ஆளையும் ஒத்துப் பார்த்துச் சீட்டு ஒட்டுகிறவள். அங்கே அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர். அவள் ஒட்டிய சீட்டு ஆள் மாறிப்போனதாக இதுவரை பேச்சே வந்ததில்லை.

அப்படிப்பட்டவள் இதைக் கோட்டை விட்டாள். முந்தாநாள் அவர் கொண்டுவந்து கொடுத்த படத்தை அளவுகோல் வைத்து அளந்தாள். தலைக்கு மேல் எவ்வளவு இடம், ஓரம் எவ்வளவு, எல்லாம் பார்த்தாள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் "புகைப்படத்தில் எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை" என்ற வரிக்கு எதிரே அவளே டிக் போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தன் முகத்தைப் படத்தில் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சைக்கிளிலிருந்து சரளைக்கல்லில் விழுந்ததும், அவசரக்கார டாக்டர் ஒருவர் கிழிந்த துணியைத் தைப்பதுபோலத் தைத்து அனுப்பியதும் எட்டு வயதில். அதற்குப் பிறகு படம் எடுக்கிற ஒவ்வொருவரும் "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றே சொன்னார்கள்.

"இது திருத்தின படம்னு நான் குறிச்சுட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "குறிக்கல. மூடறதுக்குள்ள வேற படம் கொண்டாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான் தேதி கிடைக்கும்."

அடுத்த வாரம் கப்பல் போய்விடும்.

அந்தக் கப்பலில்தான் அவர்கள் மகள் இருக்கிறாள். பயணிகளின் குழந்தைகளை விளையாட வைக்கும் அறையில் வேலை. பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்று அப்பா கேலி செய்வார். போய் இரண்டு வருடமாகிறது. வேலை செய்கிறவர்கள் பெற்றோரை ஒருமுறை குறைந்த கட்டணத்தில் கூட்டிப்போகலாம் என்று ஒரு சலுகை. இந்தப் பயணம் முடிந்ததும் கப்பல் உலகத்தின் மறுபக்கத்துக்குப் போகிறது. "அதுக்கப்புறம் எப்பன்னு எனக்கே தெரியலம்மா" என்று மகள் சொன்ன அன்றே அவள் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள்.

பெட்டியைத் துடைத்தது சுலபம். மற்றதெல்லாம் தலையைச் சுற்றவைத்தது. முதல் நாட்டுக்கு விசா வேண்டாம், ஊசி போட்ட அட்டை வேண்டும். மூன்றாவது நாட்டில் கப்பலிலேயே முத்திரை குத்திவிடுவார்கள், ஆனால் திரும்பி வரும் விமானச் சீட்டைக் காட்டவேண்டும். நடுவில் இருக்கிற நாட்டில் கப்பல் அரை நாள் நிற்கும். அதற்குத்தான் இவ்வளவு பாடு. பயணச் சீட்டு போடும் கடையை நடத்துகிற டிக்கெட் அக்காவிடம் ஸ்டூடியோக்காரர் வாதாடிப் பார்த்தார்.

"நாங்க எறங்கவே மாட்டோம். ரூமுக்குள்ளயே படுத்துக்கிறோம். அதுக்குமா விசா?"

"கப்பல் நிக்கிற தண்ணி அவங்களுது சார்" என்றாள் டிக்கெட் அக்கா. "நீங்க தூங்கினாலும் அவங்க தண்ணி மேலதான் தூங்கறீங்க."

விசா அலுவலகக் கூடத்தின் மூலையில் ஃபோட்டோ எடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. நீலத் திரை, உள்ளே ஒரு முக்காலி, எதிரே கறுப்புக் கண்ணாடி. காலையில் வரும்போதே ஸ்டூடியோக்காரர் அதைப் பார்த்து, "குளிக்கிற ரூமுக்குள்ள உக்காரவச்சு எடுக்கறதெல்லாம் ஒரு படமா" என்று சொல்லியிருந்தார். இப்போது அவள் நேராக அதை நோக்கி நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

"வெளிய ஒரு ஸ்டூடியோ இருக்கும், பார்த்துட்டு வரேன். இதுல வெளிச்சமே சரியா இருக்காது."

"வேண்டாம். இதுக்கு இருக்கிறத இருக்கிறபடி எடுக்கத் தெரியும்."

"நான் வேணும்னு பண்ணலம்மா."

"பண்ணல. ஆனா கை தானாப் போச்சு. எங்க போகணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் திரையை இழுத்துவிட்டாள். உள்ளே உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. விசாவுக்காக இல்லை. அவள் அவரை முதன்முதலில் பார்த்தது வேலை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போனபோது. அப்போது கடை புதுசு, அவருக்கு மீசையும் புதுசு. வழக்கம்போல அவள் தானாகவே தழும்பு மறையும்படி முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர், "நேராப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் விழுந்து, வீட்டில் சண்டை போட்டு, அவரையே கட்டிக்கொண்டாள். இந்த மனிதரின் கண்ணுக்கு மட்டும் அது தெரிவதில்லை என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தாள். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கு நேராகப் பார்க்கச் சொன்னாரோ? அந்தப் படத்தில் தழும்பு இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் இருக்கிறதா? தினமும் தூசி தட்டுகிற படம், அதுகூட நினைவுக்கு வரவில்லை.

இயந்திரம் பொறுமையிழந்து பேசியது. முகம் சட்டத்துக்குள் இல்லையாம். அவள் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி முகம் சட்டத்துக்குள் இல்லை. திரைக்குக் கீழே அவருடைய செருப்பு தெரிந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது.

"முக்காலி தாழ்வா இருக்கு" என்றார் வெளியிலிருந்து. "எந்திரி, நான் சுத்திவிடறேன்."

அவள் எழுந்து நின்றாள். அவர் திரையை விலக்கி, கூடத்தில் அத்தனை பேர் பார்க்க மண்டியிட்டு, முக்காலியை இரண்டு சுற்று ஏற்றினார். எழும்போது அவள் கண்களைக் கவனித்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். திரையை மூடிவிட்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தணிந்த குரலில், "நேராப் பாரு" என்றார்.

நான்கு படங்கள் ஈரமாக வந்து விழுந்தன. கண் சிவந்திருந்தது, மூக்கு சற்றுப் பெரிதாகத் தெரிந்தது, தழும்பு அப்பட்டமாக, உள்ளதைவிட ஒரு சுற்று அதிகமாகவே இருந்தது. அதிகாரி இரண்டை வாங்கி ஒன்றை ஒட்டினார். அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். இந்த முறை மூன்றாவதாக எதையும் பார்க்கவில்லை.

"உக்காருங்க. டோக்கன் நம்பர் வரும்போது வந்து வாங்கிக்குங்க. கிடைச்சுதா இல்லையான்னு அப்பத்தான் சொல்லுவாங்க."

பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் ஒரு நாற்காலியை நடுவில் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். அப்போது மகள் வீடியோவில் அழைத்தாள். அவளுக்கு அது தேநீர் இடைவேளை, பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்.

"என்னம்மா ஆச்சு? கிடைச்சுதா?"

"உக்காந்திருக்கோம். உங்கப்பா ஃபோட்டோல என் தழும்ப அழிச்சுட்டாரு. அதான் லேட்டு."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "ஐயோ, விசாவுக்குமா?"

"விசாவுக்குமான்னா?" அவள் நிமிர்ந்தாள். "பாப்பா, நீ போகும்போது அப்பா என் படம் ஒண்ணு குடுத்தாரே, அதுல இருக்கா?"

"எங்கம்மா இருக்கு. அதுல நீ சினிமாக்காரி மாதிரி இருப்ப. வந்த அன்னிக்கு ராத்திரி படுக்கைக்கு மேல ஒட்டிட்டுப் பார்த்தேன், யாரோ பார்க்கிற மாதிரி இருந்துச்சு. தூக்கமே வரல. அப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. பேனாவ எடுத்து நானே போட்டுட்டேன்."

"எத?"

"உன் தழும்பத்தான். போட்டதும் நீ வந்துட்ட. இரு, இரு, அனுப்பறேன்."

அழைப்பைத் துண்டித்த கையோடு படம் வந்தது. கப்பல் சுவரில் நாலு பக்கமும் பச்சை நாடா ஒட்டிய படம். அதில் பளபளவென்று, பத்து வயது குறைந்து, பழுதில்லாமல் ஒரு பெண். அவளுடைய உதட்டோரத்திலிருந்து தாடை வரை நீல மையில் ஒரு கோடு, குழந்தைகளுக்குப் படம் வரைந்து காட்டுகிற கை அழுத்திப் போட்ட கோடு. மை பல தடவை மங்கிப் பல தடவை மேலே போட்டிருந்தது தெரிந்தது.

அவர் நடுவிலிருந்த நாற்காலிக்கு நகர்ந்து வந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். கேட்காமலே ஃபோனை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தன் வேலையைத் தானே முதல்முறை பார்க்கிறவரைப் போல வெகுநேரம் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்துபோயிருந்தது.

"தப்புதான்" என்றார். "எல்லாரையும் பண்றாப்பல உன்னையும் பண்ணிட்டேன்."

அவள் கையிலிருந்த டோக்கன் சீட்டை மடித்துப் பிரித்தாள்.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை புருவம் சுருங்கியது. கடையில் ஒரு படத்தில் கோளாறு கண்டால் சுருங்குகிற அதே சுருக்கம்.

"ஆனா பாப்பா தப்பாப் போட்டிருக்கா."

"என்ன தப்பு?"

"ரொம்ப நேராப் போட்டிருக்கா. இது இப்படி வராது." ஃபோனை மடியில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். அவரது சுட்டுவிரல் அவள் உதட்டோரத்தைத் தொட்டது. "இங்க ஆரம்பிக்கும். ஒரு நெல்லளவு கீழ வந்து, இங்க கொஞ்சம் உள்ள மடங்கும். இந்த எடத்துல ஒரு தையல் விட்டுப்போயிருக்கு, அதனால இங்க சின்னதா ஒரு முடிச்சு. அப்புறம் மெலிஞ்சு மெலிஞ்சு, இதோ, இங்க வந்து நின்னுடும்." அவர் கண் மூடியிருந்தது. விரல் மட்டும் சென்றது.

எதிர் வரிசையில் ஒரு பெண் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சுவர்ப் பலகையில் எண் மாறியது. அவர்களுடைய எண்தான். ஒலிபெருக்கி அதை ஒருமுறை சொன்னது, மறுமுறையும் சொன்னது. அவள் சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமல், அந்த விரல் தாடையின் ஓரத்துக்குப் போய்ச் சேரும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.