தூண்கள் மட்டும் வரவில்லை

மேஸ்திரி போனில் கேட்ட கேள்வி இளையவளுக்கு முதலில் கேலியாகத்தான் பட்டது.

"ஏம்மா, படுக்கையறையில சுவரை விட்டு மூணடி தள்ளி ஒரு தூண் நிக்குதே, கட்டிலை அதைச் சுத்திப் போடணுமா, இல்ல தூணையே கட்டிலுக்கு ஒரு காலா வெச்சுக்கணுமா?"

"என்ன மேஸ்திரி, காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நான் விளையாடலம்மா. வாசக்கதவைத் திறந்தா இன்னொரு தூண்ல போய் இடிக்கும். சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு ஆளுங்களைச் சும்மா உக்கார வெச்சிருக்கேன். குழி வெட்டவா, வேணாமா?"

"வெட்டாதீங்க. பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். இது அவள் முதலிலிருந்து முடிவுவரை தனியாக வரைந்த முதல் வீடு. "இது ஒரு சிக்கலும் இல்லாம எழும்பட்டும். அடுத்ததுலேர்ந்து தாள்ல உன் பேரையும் போட்டுடலாம்" என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவள் அவள், தம்பியைக் கட்டியவள் இவள். இரண்டு ஓரகத்திகள் ஒரே சமையலறையில் ஒத்துப்போவதையே சொந்தக்காரர்கள் நம்ப மாட்டார்கள். இவர்களோ வீட்டின் முன்னறையில் ஆபீஸ் போட்டு, ஒரே படத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். என்ஜினீயரான அக்காவுக்குத் தூணும் உத்தரமும். இளையவளுக்குச் சுவரும் கதவும் ஜன்னலும். அக்கா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: வரைந்தவளே சரிபார்க்கக் கூடாது. தன் தப்பு தன் கண்ணுக்குப் படாது என்பாள். ஆகவே இளையவள் பிரிண்ட் எடுத்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல் அக்காவிடம் நீட்டிவிடுவாள். அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தாள் வெளியே போகும்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள். சுவர்கள் சமர்த்தாக அதனதன் இடத்தில் இருந்தன. தூண்களைத்தான் காணோம். திரையில் அங்கங்கே தூசி மாதிரி ஏதோ இருந்தது. நேற்றும் அது இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்து, போகாததால் திரை பழசாகிவிட்டது என்று விட்டிருந்தாள். இன்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தத் தூசிக்கு நான்கு மூலை இருந்தது. தூசி இல்லை, தூண்.

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போலத்தான் அந்தப் படம். சுவருக்கு ஒரு லேயர், கதவுக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று. ஒரு லேயரைப் பூட்டிவிட்டால் அதில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அசைக்க முடியாது. பூட்டியது மங்கலாகத் தெரியும். எவ்வளவு மங்கல் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். இளையவளுக்கு மேலும் கீழும் கோடுகள் மொய்த்தால் பிடிக்காது. எப்போதோ ஒரு நாள் மங்கலைக் கிட்டத்தட்ட மறைகிற அளவுக்கு ஏற்றி வைத்தவள் இவளேதான். தூண் லேயரின் பெயருக்குப் பக்கத்தில் இப்போது குட்டிப் பூட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

பக்கத்து மதிலுக்கு இன்னும் இடம் விட வேண்டும் என்பதால், நேற்று மொத்த வீட்டையும் வளைத்துப் பிடித்து மூன்றடி நகர்த்தியிருந்தாள். சுவர் வந்தது, கதவு வந்தது, ஜன்னல் வந்தது. தூண்கள் மட்டும் வரவில்லை. பூட்டிய லேயரில் இருப்பவை நகரவில்லை என்று கம்ப்யூட்டர் அடியில் ஒரு வரி சொல்லியும் இருக்கும். அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

சரி, நடந்தது புரிந்தது. ஆனால் பூட்டியது யார்? அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. ஏன்? 'நான் தூணைத் தொட்டுடுவேன்னு பயமா? வாயில ஒண்ணு, மனசுல ஒண்ணா?' என்று சுருக்கென்றது. அதையும் மிஞ்சிய ஒரு குழப்பம் இருந்தது. திரையில்தான் மங்கல், பிரிண்டில் பூட்டிய லேயரும் கன்னங்கரேலென்று விழும். அந்தத் தாளை அக்கா வெகுநேரம் விரல் வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். படுக்கையறையில் நிற்கிற தூண் எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தேதான் விட்டாளா? இவள் பெயர் தாளில் ஏறக் கூடாது என்றா? அப்படி நினைத்த மனதை உடனே திட்டினாள். திட்டியும் நினைப்பு போகவில்லை.

ஆபீஸ் பிரதியை எடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் விரித்தாள்.

"அக்கா, இதுல ஏதாவது தப்பு இருக்கா பாருங்க."

"நேத்தே பார்த்தேனே."

"இன்னொரு தடவை."

அக்கா குனிந்தாள். மூக்கு தாளில் உரசுகிற மாதிரி குனிந்தாள். விரல் வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, படுக்கையறைக்குள் போனது. அந்தக் கறுப்புச் சதுரத்தின் மேலேயே ஏறி, நிற்காமல் மறுபக்கம் இறங்கியது.

"சரியாத்தானே இருக்கு?"

இளையவளுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கொஞ்ச நாளாக அக்கா தேநீரை ஊற்றும்போது விரலைக் கோப்பைக்குள் விட்டுப் பார்ப்பது, போனில் வந்ததைப் படிக்கச் சொல்லி இவளிடம் நீட்டுவது, எதிரே வருகிறவர்களிடம் குரல் கேட்ட பிறகே சிரிப்பது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அக்கா... உங்க விரலுக்குக் கீழ ஒரு தூண் இருந்துச்சு."

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள்.

"ஓரமெல்லாம் தெரியுது" என்றாள். "நான் எதைப் பார்க்கறேனோ அது மட்டும் தெரியல. புகை வெச்ச மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"போனா அதுக்கு ஒரு பேரு வெச்சுடுவாங்கல்ல?"

"அப்போ அந்தப் பூட்டு?"

"ஒரு நாள் கை தவறி ஒரு தூணை இழுத்துட்டேன். எங்க போய் விழுந்துதுன்னே தெரியல. தேடி வெக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அதான் என் கைக்குப் பயந்து பூட்டினேன். உங்கிட்ட சொன்னா ஏன்னு கேப்பியே." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே தாள்ல உன் பேரு மட்டும் போதும்."

எத்தனை நாள் ஆசைப்பட்ட பேச்சு! கையில் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளப் பிடிக்கவில்லை. அழுகையாக வந்தது. அதற்குள் போன் மறுபடியும் அடித்தது. மேஸ்திரிதான்.

இளையவள் பூட்டைத் திறந்து தூண்களை மூன்றடி நகர்த்தினாள். சுவருக்குள் கச்சிதமாகப் போய் நின்றன. பிரிண்ட் எடுத்தாள். வரைந்தவளே சரிபார்க்கக் கூடாதே, இனி யார் பார்ப்பது என்று கையைப் பிசைந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் மனசுல இருக்கறதைச் சொல்றேன், நீ தாள்ல பாரு. வாசல் மூலைத் தூண், அதுலேர்ந்து பத்தடியில ரெண்டாவது."

"இருக்கு."

"அதுக்கு நேர் பின்னால, பன்னெண்டடியில ஒண்ணு."

"இருக்குக்கா."

கடைசித் தூண் வரை சொன்னாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. இளையவள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, புதுத்தாள் வருகிறது, பழைய கோட்டை அழித்துவிடுங்கள் என்றாள். பிறகு அக்காவின் செருப்பைத் தேடி எடுத்து வந்து அவள் காலடியில் போட்டாள்.

"கெளம்புங்க. அதுக்குப் பேரு என்னன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடலாம்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் அருகே வந்து நின்றாள். "போறதுக்கு முன்னாடி தூணைத் திரும்பப் பூட்டிடு. நானே கேட்டாலும் திறக்காதே."

இளையவள் பூட்டினாள். தூண்கள் அத்தனையும் மங்கித் தூசியாகிப் போயின. அக்கா அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பூட்டிட்டியா இல்லையா?" என்று கேட்டாள்.