பன்னிரண்டு என்று வெண்டல் சொன்னார்

1

நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை. பகடை உருட்டுவதில் உள்ள மரியாதைகளைப் பற்றி ஒரு சிரிப்புக் கட்டுரை. முதல் பத்தி நேற்றே தயாராகிவிட்டது:

"மேசையிலிருந்து கீழே விழுந்த பகடை செல்லாது. தட்டின் விளிம்பில் சாய்ந்து நிற்கும் பகடையும் செல்லாது, மறுபடி உருட்டு. எதற்காக உருட்டுகிறாய் என்பதைச் சொல்லிவிட்டு உருட்டு. நல்ல எண் விழுந்த பிறகு சொல்லாதே. அடுத்தவர் பகடையைக் கேட்காமல் தொடாதே. தொட்டே தீருவேன் என்றால் விரலில் இருக்கும் சிப்ஸ் எண்ணெயையாவது துடை."

சிரிப்பு வருகிறதா? இன்று மதியம் வரைக்கும் எனக்கும் வந்தது. மதியம் மார்லிஸ் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு பகடை உருண்டது. அதில் இருபது விழுந்தது. உருட்டியவர் பன்னிரண்டு என்றார். கட்டுரை அதோடு போயிற்று. இது அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

(இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு: மார்லிஸ் ஒரு கதையை நடத்துவாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். ராட்சசன் மேல் கோடரி வீசினால் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எண் பெரிதானால் நல்லது. ஒன்று விழுந்தால் நாசம். இருபது விழுந்தால் எழுந்து நின்று கத்துவார்கள். வளர்ந்தவர்கள்தான், கார்க் கடன் கட்டுகிறவர்கள்.)

2

வெண்டலை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில் சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது.

வெண்டல் ஒரு ரொட்டிக் கடைக்காரர். அவருடைய —

ஓய்வுபெற்ற தபால்காரரான வெண்டல், மனைவி இறந்த பிறகு —

வெண்டல் எங்கேயும் வேலைக்குப் போக வேண்டிய அவசியமில்லாத —

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றுமே வசதியான பொய். வெண்டல் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். அறுபது வயது தாண்டிவிட்டது. மினசோட்டாவின் வடக்கே, ஏப்ரலிலும் சாலையோரம் அழுக்குப் பனி குவிந்து கிடக்கும் ஊர் இது. இந்தச் சாலைகளில் காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அதில் ஒருத்தி எல்சி, ஏழு வயது. எங்கள் மேசையில் எனக்கு எதிரே உட்காரும் நோலனின் மகள்.

எழுதிவிட்டேன். இனி மாற்ற முடியாது. (மாற்றலாம். அந்த ஆசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

3

மார்லிஸ் மின்னடுப்பில் சுட்ட கறியும் உருளைக்கிழங்கும் மேசையின் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தன. நோலன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"வெண்டல், ஒன்னு கேக்கலாமா? குளிர்காலம் பூரா நீங்க ஒரு தடவைகூட ஒன்னு போடலையே."

"அதிர்ஷ்டம்டா தம்பி. உனக்குப் பொறாமை."

"நான் போட்ட ஒன்னுகளை அடுக்கினா ஒரு வீடு கட்டலாம். நீங்க ஒன்னே ஒன்னுகூடவா போட மாட்டீங்க?"

"சாப்பிடற எடத்துல வம்பு வேண்டாம்," என்றாள் மார்லிஸ்.

"வம்பு இல்ல மார்லிஸ். ஒரு புது விதி, அவ்வளவுதான். உருட்டின பகடை விழுந்த எடத்துலயே கெடக்கட்டும். இடது பக்கத்து ஆள் பாத்துட்டு ஆமான்னு சொன்ன பிறகு எடுக்கலாம். எல்லாருக்கும்தான். எனக்கும்."

"கனடா எல்லைச் சாவடியா இது, பெட்டியைத் தெறந்து காட்ட?" என்றார் வெண்டல். சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? வேண்டாம் என்று சொல்கிறவன்தான் திருடன் என்பது எந்த மேசையிலும் தெரிந்த விஷயம்.

அவருக்கு இடது பக்கம் நான் இருந்தேன்.

அவர் முறை வந்தது. "கோடரி. ராட்சசன் கழுத்துக்கு," என்று முறையாக முதலில் சொன்னார். உருட்டினார். பகடை தட்டில் ஓடி நின்றது. தலையைக் கொஞ்சம் ஒருக்களித்துக் குனிந்தார். "பன்னெண்டு," என்றார். பழக்கதோஷம், கை உடனே போய்ப் பகடையை மூடிவிட்டது. மூடுவதற்கு முன் நான் பார்த்துவிட்டேன். இருபது.

* ஒரு குறிப்பு. இருபதை யாரும் கைவிட மாட்டார்கள். கல்லூரிக் காலத்தில் போட்ட இருபதை இன்னும் சொல்லித் திரிகிற ஆட்கள் நாங்கள். ஏமாற்றுகிறவன் மூன்றைப் பதினேழு என்பான். இருபதைப் பன்னிரண்டு என்று சொல்லி ஏமாற்றினவன் பகடை பிறந்த நாளிலிருந்து கிடையாது.

நோலன் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பாத்தீங்களா? இப்பத்தான விதி போட்டோம். என்ன விழுந்துச்சு? மூணா, நாலா?"

"கையை எடு நோலன்," என்றாள் மார்லிஸ்.

"எடுக்கறேன். அவர் சொல்லட்டும். மாசக்கணக்கா எங்களை முட்டாளாக்கிட்டு உக்காந்திருக்கே. என்ன மனுஷன் நீ?" 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவனே கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "நீ பாத்தியா? என்ன இருந்துச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெண்டலும் பார்த்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குக் கொஞ்சம் தள்ளி, பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தார். அந்த நொடியில்தான் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

"சரியாத் தெரியல," என்றேன்.

வெண்டல் மூச்சை விட்டார். "ஏமாத்தினேன்," என்றார். "நோலன் சொல்றது சரி. குளிர்காலம் பூரா ஏமாத்தினேன்."

கோட்டை எடுத்தார், கைப்பிடியைத் தடவிப் படியேறிப் போய்விட்டார். பகடைப் பை மேசையிலேயே கிடந்தது.

நோலனுக்கு ஜெயித்த முகம் இல்லை. "நான் தப்பா கேட்டேனா? மன்னிப்பு கேட்டா போதும், அடுத்த வாரம் வரட்டும். ஆனா பாரு, பிளாஸ்டிக் துண்டுக்குப் பொய் சொல்ற ஆள்கிட்டதான் தெனம் எம்பொண்ணை அனுப்பறேன்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

4

நோலன் விஷயத்தில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். முதல் வரைவில் அவனை முரடனாக எழுதினேன். கதைக்கு அது தோதாக இருந்தது. கிழவரின் கையை முறுக்குகிற முரடன். ஆனால் அவன் அப்படி இல்லை. தன் பகடை சாய்ந்து நின்று அதில் பத்தொன்பது தெரிந்தாலும் "செல்லாது" என்று தானே எடுத்து மறுபடி உருட்டுகிறவன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. பாதிக் கேள்விதான் கேட்டான், அவ்வளவுதான். வெண்டல் ஒரு தடவைகூட ஒன்று போடவில்லை என்பதைக் கவனித்தான். அவர் இருபதும் போடவில்லை என்பதை அவனும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பதினொன்று, பதின்மூன்று, ஒன்பது. யாரும் வாழ்த்தவும் வேண்டாம், வையவும் வேண்டாம் என்கிற எண்கள். பார்க்க முடியாத மனிதர் தனக்காகச் செய்துகொண்ட எண்கள் அவை.

5

பையைக் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வெண்டல், இருபது விழுந்துச்சு."

"நெஜமாவா?" என்றார். ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது, நான் பொய் சொல்லவில்லை. "ராட்சசன் தலை போயிருக்குமே."

"போயிருக்கும்."

அப்புறம்தான் நான் என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்பது அவருக்கு உறைத்தது. நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"இலையுதிர் காலத்துலேர்ந்து. நடுவுல மட்டும்தான்ப்பா இல்ல. ஓரமெல்லாம் நல்லாவே தெரியுது. இப்ப உன் காது தெரியுது, தோள் தெரியுது. மூஞ்சி இருக்கற எடத்துல சாம்பல் பூசின மாதிரி."

"டாக்டர்?"

"நம்மளத் தெரியாத ஊராப் பாத்துப் போனேன். கண்ணுல ஊசி போடறார். போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்ங்கறார்."

"பஸ்ஸை விட்டுடுங்க வெண்டல்."

"ஜூன்ல பள்ளிக்கூடம் மூடறாங்க. அதோட விட்டுடறேன். அப்ப அறுபத்தஞ்சு ஆயிடும், அரசாங்க இன்ஷூரன்ஸ் வந்துடும். இப்ப விட்டா வேலையோட வர்ற இன்ஷூரன்ஸ் போயிடும். இன்ஷூரன்ஸ் போனா ஊசி போயிடும். ஊசி போனா ஓரமும் போயிடும். அப்புறம் இந்த வீட்டுல குருடனா தனியா உக்காந்திருக்கணும். இதுல நீ எதை எடுத்துக்கச் சொல்றே?"

வேறொன்று கேட்டேன்.

"பிள்ளைங்க எறங்கி வண்டிக்கு முன்னால குறுக்கே போவாங்களே. அது நடுவுலதான இருக்கு?"

"தலையைத் திருப்பி வெச்சுக்குவேன். ஓரத்துல தெரிவாங்க. எறங்கறப்ப ஒவ்வொன்னும் ஏதாவது கத்தும். அந்தக் கொரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் பிரேக்கிலேர்ந்து காலை எடுக்க மாட்டேன்."

"எல்சி பேசவே மாட்டாளே."

குளிர்பெட்டி உறுமி நின்றது.

"அவளுக்குச் செவப்புக் கோட்டு," என்றார் கடைசியில். "அந்தச் செவப்பு தெரியும்."

"வெயில் வந்தா கோட்டைப் போட மாட்டா."

மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டுப் போகட்டும்ப்பா. அதைத் தாங்கிக்குவேன். நீ யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்ல."

"சொல்லுவியா?"

நான் அவரிடம் —

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அங்கேயும் முடிக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.)

6

கைவசம் இருக்கிற முடிவுகள்:

அ. நோலனிடம் சொல்கிறேன். நாளைக் காலை வேறு யாரோ வண்டி ஓட்டுகிறார்கள். வெண்டலின் ஓரமும் மெல்ல மெல்லப் போகிறது. நான் அவ்வப்போது ரொட்டியும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். என் குரலை வைத்து அவர் என்னைத் தெரிந்துகொள்கிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆ. சொல்லவில்லை. ஜூன் வருகிறது. எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் அவருக்கு வாழ்த்து அட்டை கொடுக்கிறார்கள். நடக்க அதிக வாய்ப்புள்ள முடிவு இதுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போதெல்லாம் எவ்வளவு அதிகம் என்ற கேள்வி வருகிறது. பகடைக்காரனுக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்பவே வழியில்லை.

இ. சொல்லவில்லை. மே மாதம் ஒரு மாலை. நல்ல வெயில். எல்சி படியிறங்கி வண்டிக்கு முன்னால் —

எழுத மாட்டேன்.

ஈ. எழுதுகிறவன் கையில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் வெண்டலை ரொட்டிக் கடைக்காரராக்கிவிடலாம். கண் தெரியாமல் ரொட்டி கொஞ்சம் கருகும். நோலன் கருகின ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிண்டல் செய்வான். எவ்வளவு நல்ல கதை. உண்மையிலேயே எழுதிப் பார்த்தேன், முக்கால் பக்கம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெண்டல் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் மஞ்சள் பேருந்து நின்றுகொண்டே இருந்தது.

7

இதை ஏன் தமிழில் எழுதினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. வெகு காலமாக இந்த ஊரில் இருக்கிறேன். மளிகைச் சீட்டுக்கூட ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். நோலனுக்குத் தமிழ் தெரியாது. மார்லிஸுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதி எனக்கு வேண்டும், யாருக்கும் தெரியவும் கூடாது. அதற்கு என் தாய்மொழியைக் கூப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிம்மதியும் வரவில்லை. நேற்று வரை வெண்டலுக்கு மட்டும் தெரியும். இன்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். தெரியவேண்டியவனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதி நழுவிவிடத்தான் நினைத்திருந்தேன். முடிவு வேண்டாம். எனக்கு ஒரு தொடக்கம் போதும். வெண்டலுக்கு மூன்று தொடக்கம் எழுதினேன், பகடைக்கு ஒன்று எழுதினேன், நோலனிடம் இதைச் சொல்வதற்கு மட்டும் ஒரு சொல்கூட வரவில்லை. காலையில் வண்டி நோலன் வீட்டு வாசலுக்கு வருவதற்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது. அவன் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது. எடுத்துவிட்டான்.

"சொல்லுப்பா," என்கிறான். பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. எல்சியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறான் போல. "என்னப்பா, லைன்ல இருக்கியா?"

அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம்.