முட்டை பட்ட ஜார்

சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, மணிமொழி மடியிலிருந்த அவித்த முட்டையை எடுத்தாள். அன்று காலை பெரியாஸ்பத்திரி வார்டில் ரொட்டியோடு கொடுத்தது. உரித்து, ஆறிய கஞ்சியும் பாலும் சேர்த்து மிக்ஸி ஜாரில் போட்டாள். முட்டை ஓட்டைப் பொறுக்கித் தன் டிபன் பாக்ஸிலேயே வைத்து மூடினாள். செங்கம் ரோட்டில் அவள் சமையல் வேலை பார்த்த கஃபேவில் முட்டை ஆகாது. வெங்காயம், பூண்டு கூட ஆகாது. வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது.

பின்ஜன்னலுக்கு வெளியே நாத்தனார் உண்ணாமலை ஃபிளாஸ்க்கோடு நின்றாள்.

"சீக்கிரம் அண்ணி. ஷேர் ஆட்டோ கெளம்பிடும்."

"இரு. உங்கண்ணன் இன்னா கல்யாணப் பந்தியிலயா குந்திக்கினு கீறாரு? மூக்கு வழியா போறது. நைசா இருக்கணும்."

மணிமொழியின் கணவன் காசி, கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கியவன். பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து வலப்பக்கம் அசையவில்லை. பேச்சும் இல்லை, விழுங்கவும் முடியவில்லை. மூக்கில் விட்ட டியூப் வழியாகத்தான் ஆகாரம். உடம்பு இளைத்து, முதுகில் படுக்கைப் புண் வைத்துவிட்டது. முட்டை தினமும் உள்ளே போனால்தான் புண் ஆறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் தடவை அவள் முட்டையைக் கையால் பிசைந்து ஊற்றினாள். டியூப் அடைத்துக்கொண்டது. நர்ஸ் சிந்துஜா அதை உருவிவிட்டுப் புதிதைச் செருகியபோது, காசி இடக்கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். வீட்டிலிருந்த இலவச மிக்ஸி எப்போதோ புகைந்து போயிருந்தது. மருந்துக் கடையில் டியூபில் கரைத்து ஊற்றும் சத்துப் பவுடர் டப்பாவின் விலையைக் கேட்டுவந்து, "அத வாங்குனா நீ பயில்வான், நான் பட்டினி, மாமா" என்று அவன் காதில் சொன்னாள்.

கஃபே மிக்ஸி அரைத்து நின்றது. துணியில் ஒருமுறை வடித்தாள், மறுபடியும் வடித்தாள். மேடையில் இன்னொரு துணியில் பூசணிச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. மாடி அறை வெள்ளைக்காரருக்கு. அவர் உடம்பைச் சுத்தம் செய்வதற்காகச் சாறு மட்டுமே குடித்துவந்தார்.

"வாய் நல்லாத்தான் கீது, வடிகட்டினாதான் குடிப்பாரு. அதுக்குக் காசு வேற குடுக்கறாரு" என்றாள் மணிமொழி. "உங்கண்ணன் சும்மாவே பெரிய சாமியாரா ஆயிட்டாரு."

உண்ணாமலை சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

"தலைமாட்ட ஏத்தி வெச்சிட்டு ஊத்து. ஊத்தின கையோட படுக்க வெச்சிடாத, புரை ஏறிக்கும்."

கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். முதலாளி கைலாஷ். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வரும் என்று சீக்கிரமே வந்துவிட்டார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. உள்ளே வந்தவர் ஜாரை முகர்ந்தார்.

"என்ன வாசனைம்மா இது?"

"முட்டை சார். எங்க வூட்டுக்காரருக்கு. டியூப்ல போறதுக்கு."

கைலாஷ் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார்.

"நான் கோவப்படல."

"தெரியுது சார்."

"இங்க வர்றவங்க நம்மள நம்பித்தானே சாப்பிடறாங்க?"

"எலுமிச்சம்பழம் போட்டு கழுவிட்றேன் சார். தெனமும் அப்படித்தான்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"தெனமுமா?" கைலாஷ் சுவரைப் பார்த்தார். "அவருக்காக நான் தியானத்துல வேண்டிக்கறேம்மா. ஆனா நாளையிலருந்து வேணாம்."

"வேண்டிக்கறதா சார்?"

"வேலைக்கு வர்றது."

அவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மோட்டார்ல முட்டை படலையே?"

"படல சார். ஜார்ல மட்டுந்தான்."

"அப்ப ஜார நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. இனிமே இங்க ஆகாது." அதுவரைக்குமான சம்பளத்தைக் கவரில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு மோட்டாரை ஈரத்துணியால் துடைத்து, அதன் முன் ஓர் ஊதுபத்தி ஏற்றினார்.

வார்டில் உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள். "மோட்டார்லயும் பட்டுச்சுன்னு சொல்லியிருந்தா அதயும் குடுத்திருப்பாரே அண்ணி!"

"அப்ப தோணலியே. இந்தப் புத்திக்கு எனக்குத்தான் தெனமும் முட்டை குடுக்கணும்."

மறுநாள் காலை ரொட்டியும் முட்டையும் வந்தன. சிந்துஜா கட்டிலருகே நின்றாள். "அக்கா, கையால பிசைஞ்சி ஊத்தாதீங்க. இன்னொரு தடவ அடைச்சா பாவம் அவரு."

"இல்ல சிஸ்டர். மிக்ஸி இருக்குது."

முட்டையை உரித்து ஜாரில் போட்டு, கஞ்சி ஊற்றி மூடினாள். காசியின் இடக்கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜாரை மடியில் சாய்த்து வைத்து, அடியில் மோட்டாரோடு பொருந்தும் பல்சக்கரத்தை விரல்களால் பிடித்துத் திருகினாள்.

"விர்ர்ர்ர்..." என்று வாயால் ஓட்டினாள்.

காசியின் உதடு ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

உள்ளே பிளேடு அரைச் சுற்று சுற்றி நின்றது. முட்டை இரண்டாயிற்று. அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினாள்.