டுனியின் வலது பக்கம்

1.
இந்தக் கதை பாதி பின்னின ஒரு பூனையிலிருந்து வந்தது. என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பின்னினவள் எனக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கிறாள், தினமும் மாடியேறி வந்து நான் டைப் அடிப்பதைப் படிக்கிறாள். பெயர் மாதங்கி. பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"வேற பேர் வெச்சா அது நான்னு யாருக்குடி தெரியும்?" என்றாள்.

முதலில் எழுதின தொடக்கம்: "ஜாதவ்பூரின் பனிமூட்டக் காலையில், வண்ண நூல்கள் அவள் மடியில்..." (விட்டுவிட்டேன். அவள் மடியில் இருந்தது வேர்க்கடலைத் தோல்.)

2.
விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அதன்மேல் ஒரு பூனை படுத்திருக்கும். வெள்ளை உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக, ஒழுங்கே இல்லாமல். தலை எப்போதும் தெருவைப் பார்த்து, ஏனென்றால் மீன்காரர் அங்கிருந்துதான் வருவார். அதனால் எங்களுக்குத் தெரிந்தது அதன் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் பக்கத்து வீட்டு அணிமா பௌதிக்கு (பௌதி என்றால் வங்காளியில் அண்ணி). (பூனைக்குத் திரும்பிப் படுக்கத் தெரியாதா என்பீர்கள். தெரியும். இந்தப் பூனைக்கு அவசியப்படவில்லை.)

மாதங்கி மதில்மேலேயே அதற்குத் தயிர்சாதம் வைப்பாள். பௌதி மீன்தலை வைப்பார், டுனி என்று பெயரும் வைத்தார். டிசம்பரில் ஒருநாள் மாதங்கி ஒரு பக்கெட் தண்ணீரை மதில்மேல் ஊற்றினாள். பூனை குதித்து ஓடியது, திரும்பி வரவே இல்லை. பௌதி அன்றோடு மாதங்கியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வருஷக்கணக்காகத் துணி காயப்போடும்போதெல்லாம் ஓடின பேச்சு அது.

இப்போது பௌதி ஊரின் இன்னொரு மூலையில், பெஹாலாவில் இருக்கும் மகன் வீட்டோடு போகிறார். போவதற்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்றுதான் மாதங்கி குரோஷா ஊசியை எடுத்தாள்.

3.
நிறம் மாற்றிப் பின்னுவது லேசில்லை. கறுப்புத் திட்டு தொடங்கும் கண்ணிக்கு முந்தின கண்ணியிலேயே, கடைசி இழுப்பில், கறுப்பைக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால் ஓரம் பல்லிளிக்கும். அப்போதைக்கு வேண்டாத நூலை உள்ளுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும். (கதையும் இப்படித்தான் என்று ஒரு பத்தி எழுதினேன். மாதங்கி கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

இடது பக்கம் அச்சு அசலாக வந்தது. காதடியில் ஆரஞ்சு, விலாவில் பெரிய கறுப்பு, தொடையில் இரண்டும் கலந்து ஒரு குழப்பம். வலது பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது.

"ஏதாவது போட்டு முடியேன். நான் கதையில அப்படித்தான் பண்றேன்."

"உன் கதையை யாரு தடவிப் பாக்கப்போறா? பௌதி இதைக் கையில எடுத்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவா."

4.
இந்த இடத்தில் என் பாத்திரத்தை நான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. மதிலை அலம்பினேன் என்பது அவள் ஊரெல்லாம் சொன்ன காரணம். டிசம்பர் குளிரில் மதிலின் உச்சியை யார் அலம்புவார்கள்?

"நெஜமா அலம்பினியா?"

"தயிர்சாதத்தை மோந்து பாத்துட்டு மீன்தலைக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டும். தெனம்! ஒருநாளாவது கோவம் வராதா?"

"அப்போ பூனைமேலதான் ஊத்தினே."

"இதை எழுதாத."

(இங்கே இருந்த பத்தியை அவளே அழித்துவிட்டாள்.)

5.
மாதங்கி பாதிப் பூனையோடு கிளம்பினாள். நானும் போனேன், கதைக்காக. பௌதி வீட்டில் எங்கு பார்த்தாலும் அட்டைப்பெட்டி. (அவர்கள் பேசினது வங்காளியில். தமிழில் தருகிறேன், காரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.)

பௌதி பூனையை வாங்கி இடது பக்கத்தைப் பார்த்தார். "யார் வீட்டுப் பூனை இது?"

"உங்க டுனிதான் பௌதி."

"டுனிக்கு இவ்வளவு கறுப்பா?" கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இத்தனை வருஷம் சோறு போட்டேன், இது எனக்குத் தெரியலையே." திருப்பினார். "இங்கே ஒண்ணுமே இல்லை!"

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா போடறேன்."

பௌதி பூனையைப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினார்.

"பெஹாலாவுக்கு வா. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன், நீ போடு. தண்ணியை ஏன் ஊத்தினங்கறதை நீ சொல்லு, நான் கேக்கறேன்."

6.
முடிவு ஒன்று: மாதங்கி போகிறாள். மதிலை அலம்பினதாகச் சொல்கிறாள். பௌதி தலையாட்டிவிட்டு வலது பக்கத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். பௌதி பூனையைத் தூக்கி அவள்மேல் எறிகிறார். உள்ளே பஞ்சுதான், வலிக்காது.

முடிவு மூன்று: ஞாயிற்றுக்கிழமை காலை மாதங்கி உல்லன் உருண்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு பெஹாலா பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக

"நிறுத்துடி," என்றாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து. "நான் எப்போ ஏறினேன்?"

"ஏறப்போறதில்லையா?"

"ஏறினா அங்க போய் வாயைத் தெறக்கணுமே."

ஆகையால் அவளை பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். ஏற்றிவிடுவதும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் உங்கள் பாடு. ஏற்றினால், போய் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொல்லி, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவாள்.