ரோஜா நிற மருந்து

சாப்பாட்டு மேசையில் நான், என் மகன், மருமகள் மூவரும் இருந்தோம். அவர்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து வெளிச்சம் பட்டு வெளிறி வீணாகிவிட்டதாம். அதற்காக ஆய்வகத் தலைவரான பேராசிரியர் மருமகளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்.

"அலுமினியத் தாள் சுத்தித்தான் வச்சேன் மாமா," என்றாள்.

"சரியாச் சுத்தியிருக்க மாட்டே," என்றான் மகன்.

"நேத்து என்னைக் கூட்டிட்டுப் போய், 'ரோஜா நிறம் பாருங்கப்பா'ன்னு தாளைப் பிரிச்சு ஜன்னலோரம் வச்சது யாருடா?" என்றேன் நான்.

"வெளியில சொல்லிடாதீங்கப்பா, என் வேலை போயிடும்."

மறுநாள் பேராசிரியரிடம் நானே சொன்னேன். "குடும்பச் சண்டையை இங்க கொண்டுவராதீங்க பெரியவரே," என்றார்.

மருமகள் என் மகனை வீட்டைவிட்டுத் துரத்தினாள் என்று ஊரில் பேச்சு. தவறு. துரத்தியவன் நான்.