கடந்த நான்கு வாரங்களில்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேலையின்மை அரை சதவீதம் குறைந்துவிட்டதென்று அமைச்சர் டிவியில் பூரித்தார். எதிர்க்கட்சிக்காரர், எண்ணே பொய் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். கணக்கெடுப்புப் படிவத்தை இருவருமே புரட்டியதாகத் தெரியவில்லை. நான் புரட்டினேன். போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் நீங்கள் வேலையில்லாதவர் என்ற கணக்கில் வரமாட்டீர்கள். எண் குறையும். எண்ணில் பொய்யே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2

வெல்டர் நம்பிக்கையோடு கதவைத்...

(வேண்டாம். நம்பிக்கை அவரிடமும் இல்லை, என் கைவசமும் இல்லை.)

வெல்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலை பார்த்த பட்டறையை மூடிப் பதினோரு மாதம். ஞாயிறு தவிர தினமும் காலையில், மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு, "தேடிட்டு வரேன்" என்று கிளம்புவார். ஏழு மாதம் நிஜமாகவே நாயாய் அலைந்தார். அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில், சீட்டு வாங்கும் கூடத்துக் கடைசி பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருப்பவரை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தரைக்கு வீடு திரும்புவார். மனைவிக்குத் தெரியாது.

(இவ்வளவு சீக்கிரம் கைவிடுவாரா என்று எனக்கே சந்தேகம். கடைசியாகப் போன இடத்தில், சோதனைக்காக இவர் பற்றவைத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு பெரியவரே, ஆனா" என்றார்கள். மிச்சத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

3

ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுக்கும் பெண் வந்தாள். மனைவி முந்திக்கொண்டாள்.

"போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சாரா?"

"எங்கம்மா கெடைக்குது?"

"நாலு வாரத்துல தேடினாரா?"

"தேடாம? கால் தேய அலையுறாரு மனுஷன். சாப்பிடக்கூட நேரமில்லாம டப்பா பாதி அப்படியே திரும்பி வருது. எழுதிக்கோம்மா."

பெஞ்சில் டப்பாவைத் திறந்தால் சோறு இறங்காது. அதை அவர் யாரிடம் சொல்வார்?

"சாரே இருக்காரேம்மா. ஆள் இருந்தா அவங்ககிட்டதான் கேக்கணும்" என்று டேப்லெட்டோடு அவர் பக்கம் திரும்பினாள். "தேடினீங்களா சார்?"

4

ஒரு முடிவு: "தேடினேன்" என்கிறார். எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு ஆள் கூடுகிறது. நாளைக்கும் டப்பா, நாளைக்கும் பெஞ்சு.

இன்னொன்று: "இல்லம்மா, நாலு மாசமாத் தேடல." அமைச்சரின் கணக்கில் வேலையில்லாத ஒரு ஆள் குறைகிறது. மனைவியின் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை.

மூன்றாவதையும் எழுதி, அடித்துவிட்டேன்: அவளுக்கு எப்போதோ தெரியும், தெரிந்தேதான் கட்டிக்கொடுக்கிறாள். அது எனக்கு ஆறுதல். அவருக்கு அதில் என்ன இருக்கிறது?

5

பதில் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகர டேப்லெட் விடாது. அந்தப் பெண் இன்னும் நான்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

"சொல்லுங்களேன்" என்கிறாள் மனைவி. அவள் குரலில் பெருமை இருக்கிறது.

அவர் வாயைத் திறக்கிறார். நான் இங்கே எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கட்டங்கள் இரண்டுதான், ஆம், இல்லை. எதை அழுத்தினாலும் நாளைக் காலை அவள் டப்பாவைக் கழுவி எடுப்பாள்.